ஒன்பது மணிக்கு அணைந்த மைதானம்

இன்னும் ஒருத்தியை வெளியேற்றினால் சாஃப்ட்பால் கோப்பை ஹார்லன் பெண்ட் ஊர்ப் பெண்களுக்கு. பந்தை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு நின்றவள் பயிற்சியாளர் ரோண்டாவின் மகள் டெஸ்ஸா. அந்த நேரம் பார்த்து மணி ஒன்பதானது. ரோண்டா கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தினாள்.

சட்டம் அவள் கொண்டுவந்ததுதான். போன கோடையில், மைதானத்தை ஒட்டிக் குடியிருக்கும் ஆர்வில் என்ற கிழவர், விளக்கு வெளிச்சம் வீட்டுக்குள் விழுகிறதென்று ஊர்மன்றத்தில் முறையிட்டபோது உறுப்பினர்கள் சிரித்தார்கள், அவர்களில் ஒருத்தியான ரோண்டாவும்தான். பிறகு ஒரு மாலை அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தாள். படுத்த படுக்கையாகிவிட்ட அவர் மனைவி மேவிஸ், கண்மேல் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு கிடந்தாள். திரையையும் மீறி வந்த வெளிச்சத்தில் மருந்துப் புட்டியின் பொடி எழுத்தைக்கூட ரோண்டாவால் வாசிக்க முடிந்தது. அடுத்த கூட்டத்தில் மற்றவர்களோடு மல்லுக்கு நின்று ஒன்பது மணிக்கு மைதான விளக்குகளை அணைத்துவிட வேண்டும் என்ற இந்தக் கெடுவை நிறைவேற்றினாள்.

இப்போது கூட்டம் கத்தியது. விளக்குக் கம்பங்களுக்கு நன்கொடை கொடுத்த டுவெய்ன் மைதானத்துக்குள்ளேயே இறங்கி வந்துவிட்டார்.

"ரெண்டே நிமிஷம் ரோண்டா. அதுக்குள்ள அந்தக் கிழவருக்கு என்ன முழுகிடப் போகுது?"

"இன்னைக்கு ரெண்டு நிமிஷம்னா நாளைக்கு அரை மணி ஆகும். மன்றத்துல கை தூக்கினவ நான், டுவெய்ன்."

மறுநாள் காலை விட்ட இடத்திலிருந்தே தொடரலாம் என்றார் நடுவர். ஆனால் டெஸ்ஸாவின் கைக்கு இன்று வாய்த்த பதம் நாளையும் வாய்க்குமா? ரோண்டாவால் மகளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

டெஸ்ஸா நேராக அவளிடம்தான் வந்தாள். முகம் சிவந்திருந்தது. சண்டைதான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

"சாவி எங்கம்மா?"

வாங்கிக்கொண்டு போய் மின்பெட்டியைத் திறந்தாள். திறந்துவிட்டு டுவெய்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"காலையில வாங்க மாமா. அவளை அப்பவும் அவுட்டாக்குவேன்."

கம்பம் கம்பமாக விளக்குகள் அணைந்தன. இருட்டு பழகியதும் ரோண்டாவுக்கு மகளின் உருவம் தெரிந்தது. பந்து வீசும் இடத்துக்குத் திரும்பிப் போயிருந்தாள். தொப்பியைக் கழற்றி, மண்ணில் பதிந்திருந்த தன் காலடித் தடம் காலைவரை கலையாதபடி அதன்மேல் மெல்லக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.