பயம் என்றுதான் சொன்னாள்

சத்யபிரியா சேலத்தில் ஒரு மெடிக்கல் கோடிங் கம்பெனியில் வேலை பார்த்தாள். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் நோயாளிக் குறிப்புகள் அவள் திரையில் வரும். டாக்டர் எழுதியதைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போட வேண்டும். அவளுடையது மனநோய்ப் பிரிவு. டாக்டர் எழுதாததைக் கோடர் ஊகிக்கக் கூடாது, சந்தேகம் வந்தால் டாக்டருக்கே கேள்வி அனுப்ப வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதும் அவள்தான்.

பிரசவ விடுப்பில் ஜேடர்பாளையத்தில் புருஷன் வீட்டில் இருந்தாள். குணசீலனுக்குக் கோழிப்பண்ணை. ஒரு சாயங்காலம் கைக்குழந்தை கனிஷ்காவைத் தூக்கிக்கொண்டு தடுப்பணைப் பக்கம் போனார்கள். மதகில் தண்ணீர் இரைச்சலோடு விழுந்துகொண்டிருந்தது. கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்றபோது, தன் கையே குழந்தையை அந்தத் தண்ணீரில் போடுவதுபோல ஒரு காட்சி அவள் தலைக்குள் வந்து போனது. குழந்தையைக் குணசீலனிடம் திணித்துவிட்டுக் காரில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அது அன்றோடு விடவில்லை. குளிப்பாட்டும்போது வந்தது, காய் நறுக்கும்போது வந்தது. அரிவாள்மனையைக் கைக்கு எட்டாத அட்டாலியில் போட்டுவிட்டாள். குழந்தைக்கு மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பாள், நகர்ந்து வந்து மறுபடியும் போய்ப் பார்ப்பாள். கடைசியில் குழந்தையைத் தூக்குவதையே விட்டுவிட்டாள். இது ஓசிடி, வேண்டாத எண்ணம் விடாமல் வந்து பயமுறுத்தும் நோய் என்று அவளுக்குத் தெரியும். அதற்கு என்ன எண் என்றுகூடத் தெரியும். தெரிந்ததில் பயம் கொஞ்சமும் குறையவில்லை.

"ஏனுங்க, என்னைய ஒரு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க" என்று அவளே குணசீலனிடம் கேட்டாள். தூக்கமும் சாப்பாடும் நின்று போயிருந்ததால் சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். சின்ன டாக்டர் ஒருவர் வந்து விசாரித்தார்.

"குழந்தைய ஏதாவது பண்ணிடலாம்னு தோணுதாம்மா?"

"தோணுதுங்க. தண்ணில போட்டுருவனோன்னு பயமா இருக்குதுங்க. அதனாலதாங்க தூக்கறதே இல்ல."

அவர் நிமிராமல் எழுதிக்கொண்டார். வெளியே கூட்டம் காத்திருந்தது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் குணசீலன் டிஸ்சார்ஜ் சம்மரியை இன்சூரன்ஸ் கவுண்டரில் நீட்டினான். அதைப் படித்த பெண் அவனை ஒரு மாதிரி பார்த்து, "இது போலீஸ் கேஸுங்களா சார்?" என்று கேட்டாள். அதன்பிறகுதான் அவன் படித்தான். 'ஹோமிசைடல் ஐடியேஷன்' என்றிருந்த இடத்தைப் போனில் தட்டிப் பார்த்தான். கொலை செய்யும் எண்ணம் என்று வந்தது.

காரை அவன்தான் ஓட்டினான். ஜேடர்பாளையத்துக்குப் போகாமல், கொண்டப்பநாயக்கன்பட்டியில் அவள் அம்மா வீட்டு வாசலில் நிறுத்தினான். "கொஞ்ச நாளைக்கு இங்கியே இரு. பாப்பாவ அங்க எங்கம்மா பாத்துக்குவாங்க." ஓய்வுக்குத்தான் சொல்கிறான் என்று அவள் நினைத்தாள். போனை அவன் எடுக்காமல் போனபோதுதான் ஆஸ்பத்திரியில் கேட்டு சம்மரியின் நகலை வாங்கிப் பார்த்தாள். ஓசிடி என்ற வார்த்தையே அதில் இல்லை. பயம் என்ற வார்த்தையும் இல்லை. வேறு யாருடைய குறிப்பாகவோ அது அவள் திரைக்கு வந்திருந்தால், கொலை எண்ணத்துக்கான எண்ணைத்தான் அவளும் போட்டிருப்பாள்.

அந்த ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரைப் பார்க்க நாலைந்து முறை அலைந்தாள்.

"நீங்க சொன்னதத்தானம்மா எழுதியிருக்காங்க" என்றார் அவர்.

"பயம்னு சொன்னேங்க சார். ஆசைன்னு சொல்லல. ரெண்டுக்கும் வேற வேற கோட் நம்பர் இருக்குதுங்க."

அவர் கேஸ் ஷீட்டை வாங்கிப் புரட்டினார். அவளிடம் வெகுநேரம் பேசினார். பிறகு அவர் முகம் மாறியது. "இந்த நோய்ல இருக்கிறவங்க குழந்தைய ஒண்ணும் பண்ண மாட்டாங்க. பண்ணிடுவோமோன்னு பயந்தே சாவாங்க. பையன் அவசரத்துல எழுதிட்டான். ஆனா பழசை அழிக்க முடியாதும்மா. கூட ஒண்ணு எழுதித் தரேன்." ஓசிடி, தீங்கு செய்யும் நோக்கம் இல்லை, குழந்தை தாயோடு இருக்கலாம் என்று தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதை எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து ஜேடர்பாளையம் போனாள். குணசீலன் நின்றபடியே படித்துவிட்டு மடித்தான்.

"மொதல்ல அவங்களா எழுதுனது ஒண்ணு. இப்ப நீ போயிக் கேட்டு வாங்கியாந்தது ஒண்ணு. நான் எத நம்பறது?"

"பெரிய டாக்டரே எழுதிருக்கறாருங்க."

"எப்படி எழுதோணும்னு நீயே சொல்லிக் குடுத்திருப்ப. உன்ற வேலையே அதுதான?"

அவள் தாளைத் திரும்ப வாங்கிப் பையில் வைத்தாள். "பாப்பாவக் கோர்ட்டுல கேக்கட்டுங்களா?" என்றாள்.

"கேளு. ரெண்டு பேப்பரையுந்தான் அங்க படிப்பாங்க. ஊரே கேக்கும். நாளைக்குப் பாப்பா பெரிசாயி அதையும் படிக்கும்."

அவள் கோர்ட்டுக்குப் போகவில்லை. மாத்திரை சாப்பிட்டாள். டாக்டர் சொன்ன பயிற்சியாக, பயந்த பொருளையே கையில் எடுத்து, அம்மா வீட்டில் கத்தியால் காய் நறுக்கினாள். பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்தாள். மெல்ல மெல்ல அந்தக் காட்சிகள் தேய்ந்தன. எப்போதாவது வந்தாலும் வந்த வழியே போயின. வேலைக்குத் திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜேடர்பாளையம் போய் வருவாள். மாமியார் செல்லாயி கெட்டவள் இல்லை. இவளுக்குப் பிடித்த பச்சைப்பயறுக் குழம்பு வைத்திருப்பாள். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளக் கொடுப்பாள். ஆனால் தானும் பக்கத்திலேயே உட்கார்ந்து குழந்தையின் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் கனிஷ்கா நடை பழகிக் கிணற்றடிப் பக்கம் ஓடியது. சத்யபிரியா பின்னால் போய்த் தூக்கினாள். செல்லாயி செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள். மூச்சு வாங்கியது. தான் செய்ததைப் பார்த்துத் தானே கூசினவளாக, "உன்னைய நம்பாம இல்ல சாமி" என்றாள். "எழுதிப் போட்டாங்களே. நான் என்ன பண்ணட்டும்?"

குழந்தை பயத்தில் அழுதது. செல்லாயியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா, அம்மா" என்றது.

"சரிங்க அத்த, நான் வாரேன்" என்று சொல்லிவிட்டு சத்யபிரியா பையை எடுத்துக்கொண்டாள். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.