வளைந்த திரைக்கு எதிரே ஒரே ஒரு நாற்காலி

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. ஹைதராபாத் சனத்நகரில் நண்பர் வீட்டு வளைந்த டிவியில் கிரிக்கெட் பார்க்கப் போனேன். எனக்கு ஓர நாற்காலி. நடுவில் இருந்தவருக்கு ஆட்டம் தெரிந்தது. எனக்குப் பாதி ஆட்டமும், மீதிக்குத் திரையில் பளபளத்த ட்யூப்லைட்டும். பழிவாங்க எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: ‘எதிர்காலம் வளைந்தே வரும் என்று ஜெர்சன் ஒருபோதும்…’

(வேண்டாம். விருது மேடைக்குச் சலவைச் சட்டை போட்டு நிற்கிற வாக்கியம்.)

இரண்டாவது: திருமுல்கேரியில் ஜெர்சன் வீட்டில்தான் ஞாயிறு மாலை ஜெபக்கூட்டம். கடைசி ஆமென் விழுந்ததும் கிரிக்கெட், மனைவி ஹில்டா சுட்ட கட்லெட். அந்த ஹாலுக்கு அவர்தான் ராஜா. பிறகு சகலை ஜோசியா மாதாப்பூரில் வளைந்த டிவி வாங்கினான். கூட்டம் அங்கே போய்விட்டது. டிவிக்காக என்று யாரும் சொல்லவில்லை. “அங்க பார்க்கிங் நல்லாருக்கு” என்றார்கள். பஸ்ஸில் போய் வருகிற எலிசபெத் அக்காவும் அதையேதான் சொன்னார்.*

* இந்த வரி எழுதியதும் எழுந்து போய் ஒரு டீ குடித்தேன்.

3

ஜெர்சன்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. இந்த வயதில் ஒருவர் டிவிக்காகவா சரியாகச் சாப்பிடாமல் இருப்பார்? இருந்தார். வளைந்த டிவியைக் கம்பெனிகளே அநேகமாகக் கைவிட்டுவிட்டன என்று எங்கோ படித்தார். வயிறு குளிர்ந்தது. அடுத்த வரி: வளைந்த அகலத் திரைகளுக்கு நல்ல எதிர்காலம். அதற்கடுத்த வரியில் ‘கம்ப்யூட்டர் மேஜைகளில்’ என்று இருந்தது. அதற்குள் அவர் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

4

வளைந்த அகலத் திரை வந்தது. ஜெர்சன் வீட்டுக்குக் கூட்டமும் திரும்பியது. வளைந்த திரைக்கு எதிரே நல்ல இடம் ஒன்றுதான். எல்லோரும் கண்மூடி ஜெபிக்கிற சமயம் பார்த்து நடு நாற்காலியில் தன் பைபிளை வைத்தார் ஜெர்சன். பைபிள் வைத்துப் பிடித்த இடத்தை அந்தச் சபையில் யாரும் தொடமாட்டார்கள்.

ஆமென். திரை ஒளிர்ந்தது. நடுவில் ஆட்டம்; இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை.

“டாடி, சைடுல கைக்கு இப்டி ப்ளாக்கா இருக்கு?” என்றாள் மகள் ஸ்வீட்டி. ‘ஏன்’ என்பதற்கு அவள் வாயில் ஹைதராபாத் ‘கைக்கு’தான் வரும்.

“அண்ணே, இது ஆபீஸ்ல எக்ஸெல் பாக்குற மானிட்டர்லா,” என்றான் ஜோசியா. குரலில் இரக்கம். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

“இனிமே மேட்சே இந்த அகலத்துக்குத்தான் வரும்வே,” என்றார் ஜெர்சன்.

“வாறதுக்குள்ள கட்லெட் ஆறிரும். உக்காருங்க,” என்றாள் ஹில்டா.

உட்காரப் போனார். நாற்காலியில் இரண்டு பைபிள்கள். அவருடையது கீழே, அதன்மேல் ஜோசியாவுடையது. ஜெபத்தில் கண்ணைத் திறந்தது தான் மட்டுமல்ல என்று அப்போதுதான் ஜெர்சனுக்குத் தெரிந்தது. எக்ஸெல் என்று கேலி பேசியவனுக்கும் நடு இடம் வேண்டியிருக்கிறது. பல நாளுக்குப் பிறகு அவருக்குப் பசித்தது.

5

எழுதிப் பார்த்த முடிவுகள்: ஜோசியா விட்டுக்கொடுக்கிறான். (நம்பமாட்டீர்கள்.) ஹில்டா தட்டோடு நடுவில் உட்கார்ந்துவிடுகிறாள். (கைதட்டலுக்காக எழுதியது.) சகலைகள் கட்டிப்பிடித்துக் கண்ணீர்… (அடித்துவிட்டேன்.)

யார் உட்கார்ந்தார் என்று என்னைக் கேட்காதீர்கள். இந்தக் கதைக்கு நேர் எதிரே, நடுவில் இருப்பவர் நீங்கள். எழுதுகிறவனுக்கு இங்கேயும் ஓர நாற்காலிதான், ட்யூப்லைட் தெரிகிறது. முடிவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் நகர்ந்தும் உட்காருங்கள்.