ஒரே பணத்துக்கு இரண்டு ஃபண்டு

எடைமேடைக்காரர் யாரையும் நம்பியதில்லை. முப்பத்தோரு வருடம் லாரிகளை எடைபோட்டவர். மணலுக்கு நடுவே தண்ணீர் டிரம்மை ஒளித்துக் கொண்டுவந்த மகானுபாவர்களை ஆயிரக்கணக்கில் பிடித்திருக்கிறார். அவரைக் கேட்டால் லட்சக்கணக்கில் என்பார். மழை பெய்தால்கூட, இது நிஜ மழைதானா, மாடி வீட்டுக்காரன் வேலையா என்று மேலே எட்டிப் பார்த்த பிறகுதான் குடையை விரிப்பார்.

அப்படிப்பட்டவர் மியூச்சுவல் ஃபண்டில் பணம் போடப் புறப்பட்டார். மகள் பதினாலு மாதத்தில் மேற்படிப்பில் சேர வேண்டும். அதற்கென்று சேர்த்த பணம் வங்கியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. நாலு காசு ஏறினால் நல்லது. குறைந்தால் அவள் படிப்பு அந்தரத்தில் தொங்கும்.

"ஃபண்டு ஆபீஸ்ல ஒரு பொண்ணு ஆலோசனை சொல்லுதாம். ஆளப் பாத்து ஆளுக்கொன்னு சொல்லுதான்னு மொதல்ல சோதிக்கணும்" என்றார் மனைவியிடம்.

"சோதிங்க. பொண்ணு பாக்க வந்தப்ப எங்க வீட்டு நாற்காலியவே ஆட்டிப் பாத்துட்டுத்தான உக்காந்தீங்க."

"ஆடிச்சா இல்லையா?"

அவர் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மேடைமேல் சந்தேகம் வந்தால், அதே லாரியை வேறொரு ஓட்டுநரை விட்டு இன்னொரு முறை ஏற்றச் சொல்வார். ஓட்டுநர் கீழே இறங்கி நிற்க, இரண்டு எடையும் ஒத்துப்போனால் மேடை யோக்கியம். ஆலோசகியையும் அப்படியே மடக்கத் திட்டம் போட்டார்.

செவ்வாய்க்கிழமை முதலில் அவர் போனார். பணம் எப்போது வேண்டும் என்று அவள் கேட்டதும் உஷாரானார். வீட்டு விஷயம் இவளுக்கு எதற்கு?

"இருவது வருஷம் கழிச்சும்மா. அவசரமே இல்ல."

"அப்ப பங்கு ஃபண்டு பாக்கலாம் சார். நடுவுல நல்லா ஏறும், இறங்கும். இருவது வருஷம் இருந்தா அதத் தாங்கலாம்" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை, அதே தொகையோடு மனைவியை அனுப்பினார். "என்னைத் தெரியாத மாதிரி பேசு" என்பது மட்டும்தான் உத்தரவு. அந்த அம்மாள் பொய் சொன்னால் காது சிவக்கும் ரகம். மகள் படிப்பு, பதினாலு மாதம் என்று உள்ளதைச் சொல்லிவிட்டு, அதிகம் ஏறி இறங்காத குறுகிய காலக் கடன் ஃபண்டு என்று எழுதிய தாளோடு வந்தார்.

இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்ததும் எடைமேடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "மாட்டிக்கிட்டா பாரு. ஒரே லாரிக்கு ரெண்டு எடை." மனைவியை இழுத்துக்கொண்டு, செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார்.

ஆலோசகி தாள்களைப் பார்த்தாள். பிறகு இருவரையும் பார்த்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே வீடா? ஒரே பணமா?"

"ஒரே பணம்தான். அதுக்கு எப்படி ரெண்டு ஃபண்டு வரும்?"

"எவ்வளவுன்னு ஒரே மாதிரி சொன்னீங்க சார். எப்ப வேணும்னு வேற வேற சொல்லிருக்கீங்க. இதுல எது பொய்?"

மனைவி சுவர்க்கடிகாரத்தில் மணி பார்த்தார். எடைமேடைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"உனக்கு எதுல கமிஷன் ஜாஸ்தி?"

"பங்கு ஃபண்டுலதான். நீங்க சொன்னத நம்பி அதுல போட்டிருந்தா எனக்கு லாபம். உங்க பொண்ணு சேர்ற மாசம் பாத்துச் சந்தை சரிஞ்சிருந்தா, அவ ஃபீசுக்கு எங்க போவீங்க?"

கால்வாசி குறைந்த பணத்தோடு கல்லூரி வரிசையில் மகள் நிற்பது அவர் கண்முன் வந்தது. அவளை அங்கே நிறுத்தியிருக்கப் போவது இந்தப் பெண் இல்லை.

"பதினாலு மாசம்" என்றார், வாக்குமூலம் கொடுப்பவர்போல.

ஆலோசகி பேனாவை எடுக்கவில்லை. மனைவி பக்கம் திரும்பினாள். "இதையாவது நம்பலாமாம்மா?"

"இது நெசம்தான்."

"கடன் ஃபண்டும் துளி இறங்கலாம் சார். வங்கி வட்டி மாதிரி உறுதியெல்லாம் கெடையாது. இவ்வளவு கிட்டத்துல வேணும்னா இதுதான் பொருந்தும்."

அவர் படிவத்தின் பொடி எழுத்தை எல்லாம் இரண்டு தரம் படித்தார். பணம் எதற்கு என்ற கட்டத்தில் 'மகள் படிப்பு' என்று உள்ளதை எழுதினார். எழுதி முடிக்கும்வரை இடது கையால் மறைத்துக்கொண்டார்.