எழும்ப ஏலாத ஸுலைஹா

விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு, கல்முனைக்குத் தெற்கே இருந்த அந்த அரிசி மில்லின் களத்தில் பெண்கள் இறங்கிவிட்டார்கள். அவித்த நெல் ஆவி பறக்க, பனையோலைக் கடகங்களிலிருந்து சிமெந்துத் தரையில் விழுந்தது. உமித்தூசு கண்ணிலும் பல்லிடுக்கிலும் அப்பியது.

குந்தியிருந்து கடகத்தை நிரப்பிய ஸுலைஹாவால் எழ முடியவில்லை. தொடைகள் வேறு யாருடையவோ போலக் கிடந்தன. தட்டுத்தடுமாறி எழுந்தபோது கைகள் தோளுக்கு மேல் போகவில்லை. நெல் காலடியில் கொட்டியது. ஒருத்தியும் உதவிக்கு வரவில்லை. இமைகள் ஊதா நிறமாய் வீங்கிய நாளிலிருந்தே "தொத்துற வருத்தம்" என்று, நோய் ஒட்டிவிடும் பயத்தில் எல்லோரும் விலகியிருந்தார்கள். பதினொரு வருடம் கூடியிருந்து தின்றவர்கள். இப்போது அவள் மதிலோரம் தனியே தின்றாள்.

மட்டக்களப்பு ஆசுபத்திரிக்கும் தனியேதான் பஸ் ஏறினாள். தசையில் சிறு துண்டு வெட்டிச் சோதித்த டாக்டர், "இது தொத்தாது தங்கச்சி. உடம்பக் காக்கிற சக்தியே தசைய எதிரியெண்டு நினைச்சு அடிக்குது" என்றார்.

"என்னத்தால வந்த, டாக்டர்?"

"சரியாத் தெரியாது. பிறவி வாகு, ஏதும் காய்ச்சல், கடும் வெயில்... தூசும் சேர்ந்திருக்கலாம். அடிச்சுச் சொல்ல ஆராலயும் ஏலாது. தாற மருந்துக் குளிசைய விடாதீங்க, வெயில்ல நிக்காதீங்க."

மறுநாள் களத்தில் வைத்தே முதலாளி காலிதீனிடம் டாக்டர் சொன்னதை, தூசையும் சேர்த்துச் சொன்னாள்.

"டாக்டருக்கே தெரியாதெண்டா என்ட மில்லுல ஏன் பழி போடுறாய்? இது உன்ட நஸீபு, தலைவிதி. நாளைக்கு வராத."

"பழி போடல்ல முதலாளி. நிழலுக்க இருந்து அரிசியில கல்லுப் பொறுக்கிறன்."

"ஏலாத ஆக்களுக்கு இது மடமில்ல."

பக்கத்தில் நின்ற கிருபாமலர் கடகத்தை இறக்கினாள். "தொத்தாதாமா, ராத்தா?"

"ஓம்."

"நான்தான் முதல்ல உங்கள விட்டு விலகின. எனக்கும் தோள் நோவு. சொன்னா என்னையும் ஒதுக்குவாங்களெண்டு வாயப் பொத்திட்டு இருந்த." பிறகு முதலாளியைப் பார்த்தாள். "காரணம் தெரியாதெண்டா, தூசு இல்லையெண்டும் தெரியாதுதானே? களத்துல நிழல் போடுங்க. முகத்துக்குத் துணி தாங்க. ராத்தாவ நிப்பாட்ட ஏலாது. அதுவரைக்கும் நான் கடகம் தூக்க மாட்டன்."

"அவிச்ச நெல்லு கெட்டுப்போகும்!"

"ராத்தாட உடம்பு கெட்டத்தையும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தம்" என்று அடுத்து நின்ற உம்மு தன் கடகத்தையும் கீழே வைத்தாள். ஒவ்வொருத்தியாய் மற்றவர்களும் வைத்தார்கள். காலிதீன் ஆபீசுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஸுலைஹா கால் தளர்ந்து, அப்படியே தரையில் குந்திவிட்டாள். இரண்டு பேர் அவளைக் கமக்கட்டில் பிடித்துத் தூக்கினார்கள். மாதக்கணக்கில் யாரும் தொடாத உடம்பு. அவள் வாய்விட்டு அழுதாள். சாத்திய கதவை நோக்கிக் களத்துப் பெண்கள் ஒன்பது பேரும் நடந்தார்கள். ஒருத்தியும் முந்தவில்லை, ஸுலைஹாவின் நடைக்கே எல்லோரும் நடந்தார்கள்.