பூட்டிய பெட்டியில் தடுப்பூசி

துணி ஆலையில் இஸ்திரி போடுபவள் அவள். அரைநாள் விடுப்புக்குச் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் கைக்குழந்தையைச் சுகாதார நிலையத்துக்குத் தூக்கி வந்திருந்தாள். நர்ஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இன்னைக்கு ஊசி கிடையாது. அடுத்த வாரம் வா."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க. பெட்டியில மருந்து இருக்குல்ல?"

"ஒரு குப்பியில பத்துப் பிள்ளைங்களுக்கு மருந்து இருக்கு. உன் பிள்ளைக்காகத் திறந்து மிச்சம் வீணானா, மேலிடத்துல என் கழுத்தைத்தான் பிடிப்பாங்க."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. அடுத்த சந்தில் ஒரு சிசு கக்குவான் இருமலில் நீலம் பாரித்துச் செத்ததைக் கண்ணால் பார்த்தவள்.

"இருங்க, வரேன்."

நேராகத் தெருவுக்குப் போய்க் கதவு கதவாகத் தட்டினாள். "ஒரே ஊசி, கக்குவானோட சேர்த்து அஞ்சு நோயைத் தடுக்குமாம். கிளம்புங்க!" முணுமுணுத்தவர்களை அதட்டினாள். புருஷனின் அக்காதான் மல்லுக்கு நின்றாள்.

"அஞ்சையும் கலந்து ஏத்தினா பச்சப்புள்ள தாங்குமாடி?"

"தனித்தனியாப் போட்டா எத்தனை தடவை குத்தணும்? அத்தனை லீவும் நீங்க வாங்கித் தருவீங்களா அண்ணி?"

"என் பிள்ளைக்கு ஏதாவது ஆகட்டும், அப்புறம் இருக்கு உனக்கு" என்று கறுவிக்கொண்டே அண்ணியும் வந்தாள்.

இடுப்பில் பிள்ளைகளோடு கூட்டம் நுழைந்ததும் நர்ஸின் முகம் சுண்டிப்போனது. "சரியான அடங்காப்பிடாரி!" என்று பல்லைக் கடித்தபடி குப்பியைத் திறந்தாள். தொடையில் ஊசி இறங்க இறங்க அறையே அலறியது. "காய்ச்சல் வரும். வந்தா இந்த மருந்தைக் கொடுங்க. இன்னும் ரெண்டு தடவை போடணும்" என்று சிடுசிடுத்தாள்.

சாயங்காலம் அண்ணி வாசலில் வந்து நின்றாள். தெருவே கூடிவிட்டது. "கொதிக்குது பாருடி பாவி! நல்லா இருப்பியா நீ?"

அவள் மடியில் கிடந்த குழந்தைக்கும் உடம்பு சுட்டது. நாம்தான் தப்புப் பண்ணிவிட்டோமோ என்று அதன் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஆனாலும் வாய் மட்டும் அடங்கவில்லை. "நர்ஸ் கொடுத்த மருந்தைக் கொடுத்தீங்களா? முதல்ல அதைச் செய்யுங்க. அப்புறம் வந்து என்னை ஏசுங்க!"

விடிந்தபோது இரண்டு குழந்தைகளுக்கும் சூடு தணிந்திருந்தது. அண்ணி அதைச் சொல்லக்கூட வரவில்லை. குழாயடியில் எதிர்ப்பட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த ஊசிக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது, அண்ணி முன்வரிசையில் நின்று நர்ஸோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்: "வெயில்ல எவ்வளவு நேரம் பிள்ளையை வச்சிட்டு நிக்கிறது? குப்பியைத் திறம்மா!"

அவளைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.