இசக்கியம்மாவை எழுப்பின இங்கிலீஷ்

எங்கள் பின்வீட்டில் குடியிருக்கும் செல்வமணி, அம்பாசமுத்திரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் ஊசி போட்டால் வலிக்காது என்று வெளியூரிலிருந்தெல்லாம் கேட்டு வருவார்கள். அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரி அவளுக்கு வேலை கொடுக்கிறேன் என்றது. இங்கிலீஷ் பரீட்சையில் மட்டும் தேற வேண்டும். எழுத்தில் தேறினாள், வாசிப்பில் தேறினாள். பேச்சில் இரண்டு தடவை போய்விட்டது. இந்தத் தடவையும் போனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று அங்கிருந்து எழுதிவிட்டார்கள்.

பேச்சுப் பரீட்சை என்றால், எதிரே ஒருவர் நோயாளி மாதிரி உட்கார்ந்திருப்பார். அவரிடம் நர்ஸாகப் பேச வேண்டும். அதற்காக ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் பிடித்துப் பாளையங்கோட்டைக்குப் போய், அருமைநாயகம் என்கிற வாத்தியாரிடம் படித்தாள்.

"நீ பேசுதது கோர்ட் நோட்டீஸ் மாதிரி இருக்கும்மா," என்று அவர் சொல்லியிருக்கிறார். "படுத்துக் கெடக்க மனுசன்ட்ட யாராவது அப்படிப் பேசுவாளா? சின்னச் சின்னச் சொல்லா ஒட்டவச்சுப் பேசு. கெட் அப், லை டவுன், டேக் இட் ஆஃப், புட் இட் ஆன்."

இவளுக்கு அது வரவில்லை. பழகிப் பார்க்க என்னை நோயாளியாக நாற்காலியில் உட்கார வைத்தாள். எட்ட நின்றுகொண்டு, "கைண்ட்லி ரிமூவ் யுவர் ஸ்பெக்டக்கிள்ஸ்" என்றாள். எனக்குத் தாலுகா ஆபீஸில் மனுவோடு நிற்கிற மாதிரி இருந்தது.

"ஏட்டி, சார் சொன்ன மாதிரி டேக் இட் ஆஃப்னு சொல்லேன்."

"வாய் வர மாட்டேங்கு ஆச்சி. கண்ணாடியக் கழத்துட்டின்னு ஒங்களப் பாத்துச் சொல்லுத மாதிரி இருக்கு."

"அதுல ட்டி எங்கட்டி இருக்கு?"

"எனக்குக் கேக்குதே."

அவள் சொன்னதிலும் தப்பில்லை. இந்தச் சின்ன இங்கிலீஷை நாங்கள் எங்கே கேட்டோம்? பள்ளிக்கூடத்தில் ஸ்டாண்ட் அப், ஷட் அப். ஆபீஸில் கெட் அவுட். அப்படிப் பேசினவர் கையில் பிரம்பு இருந்தது, இல்லையென்றால் அவருக்குக் கீழே சுழல் நாற்காலி இருந்தது. மரியாதை என்றால் நீளமாகப் பேச வேண்டும் என்றே வளர்ந்துவிட்டோம்.

அவளுடைய மாமியார் இசக்கியம்மா வாசல்படியில் வழுக்கி விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் ஆனவள். எனக்கு வீட்டு வேலை இருந்த ஒரு நாள், அவளையே நோயாளியாக வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். செல்வமணி கட்டிலுக்கு எதிரே விறைத்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு, "கெட் அப்" என்றாள்.

இசக்கியம்மாவின் முகம் மாறிவிட்டது.

"யாரப் பாத்து கெட்டப்புங்க? மலையில தேயிலை பறிக்கையில சூப்பர்வைசர் சொல்லுவான் இப்படி, குளுருல படுத்துக் கெடந்தா. எம்மவன் வீட்லயும் எனக்கு அதே வார்த்தையா?"

"அத்தை, பரீச்சைக்குப் படிக்கேன்."

"படி, நல்லாப் படி. மாமியாள வையதுக்கு ஒரு பரீச்சை!"

ராத்திரி சோறு வேண்டாம் என்றுவிட்டாள். செல்வமணி என்னிடம் வந்து, பரீட்சைக்கே போகப் போவதில்லை என்றாள்.

மறுநாள் காலையில் நான் கொல்லையில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் ஜன்னல் திறந்திருந்தது. தினமும் அந்த நேரத்துக்கு மருமகள்தான் அவளை எழுப்பி, குளியலறைக்கு நடத்திக் கூட்டிப் போவாள். அன்றைக்கு இசக்கியம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தமிழில் வாயைத் திறந்தால் சண்டை வரும் என்று நினைத்தாளோ என்னவோ, செல்வமணி குனிந்து கக்கத்துக்கு அடியில் கையைக் கொடுத்து, "சிட் அப் ஃபார் மீ" என்றாள், காதோடு. கிழவி எழுந்து உட்கார்ந்தாள். "தட்ஸ் இட். லீன் ஆன் மீ." சாய்ந்துகொண்டாள். "அப் யூ கெட்." நின்றுவிட்டாள்.

கதவுகிட்டே போனதும்தான், மருமகள் பேசினது இங்கிலீஷ் என்று கிழவிக்கு உறைத்தது.

"இப்ப என்னளா சொன்ன?"

"பைய எந்திங்கன்னு."

"நேத்தும் அதையா சொன்ன?"

"அதேதான் அத்தை."

"நேத்து எட்ட நின்னுல்லா சொன்ன!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செல்வமணி சிரிக்கவில்லை. பரீட்சையில் நடுவில் மேசை இருக்கும், தொட முடியாது. எட்ட நின்றே, கையைக் கொடுத்துச் சொல்கிற மாதிரி சொல்ல வேண்டும்.

அதற்கப்புறம் இசக்கியம்மாதான் அவளை விடவில்லை. காலையில், "ம், வெள்ளக்காரி மாதிரி சொல்லு பாப்பம்," என்பாள். செல்வமணி முதலில் கை கொடுத்துச் சொன்னாள். பிறகு கொஞ்சம் தள்ளி நின்று, பிறகு கதவோரத்தில் நின்று. குரல் கொஞ்சம் விறைத்தாலும் கிழவி அசைய மாட்டாள்.

"இது சூப்பர்வைசர். எந்திக்க மாட்டேன் போ."

மறுபடி சொல்லுவாள். குரல் சரியாக வந்தால், இரண்டு கையாலும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கிழவி எழுந்துவிடுவாள்.

பரீட்சை மதுரையில் நடந்தது. இடுப்பு ஆபரேஷன் ஆகி, வலிக்குப் பயந்து எழுந்திருக்க மாட்டேன் என்கிற பெரியவராக எதிரே இருந்தவர் நடித்தாராம். "பேசி முடிச்ச பொறவுதான் பாத்தேன், மேசைக்கு அடியில என் கை யாரையோ தாங்குத மாதிரியே இருந்துச்சு ஆச்சி," என்றாள் செல்வமணி.

முடிவு போனில் வந்தது. தேறிவிட்டாள். ஆஸ்பத்திரி உடுப்போடேயே ஓடிவந்து சொன்னாள். இசக்கியம்மா வாக்கரைக் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டாள்.

"அப்பம் போயிருவ?"

"விசா வரவும் கெளம்பணும் அத்தை."

கிழவி மகனைக் கூப்பிட்டாள். பூதத்தான் அரிசி ஆலையில் லாரி ஓட்டுகிறவன், மூட்டையும் ஏற்றுவான்.

"ஏலே, நாளையிலேருந்து நீதான் என்னைய எழுப்பணும். இவ இருக்கையிலயே படிச்சுக்கோ."

"எனக்கு இங்கிலீஷ்லாம் வராதும்மா."

"ஒன்னை யாரு இங்கிலீஷ் கேட்டா? பைய எழுப்புனாப் போதும்."

மறுநாள் அவன் மூட்டையைத் தூக்குகிற மாதிரி ஒரே தூக்காகத் தூக்கினான். கிழவி வைதது தெருவுக்கே கேட்டது. செல்வமணி நிலைப்படியில் நின்றாள். உள்ளே போகவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "கக்கத்துக்கு அடியில கையக் குடுங்க," என்று மட்டும் சொன்னாள்.