கிளி உட்காரும் இடம்

நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் காலை, நௌஷாத் தன் டிரம்ஸையும் ஒரு தூக்குவாளி பிரியாணியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு உத்தமபாளையத்திலிருந்து சுருளிப்பட்டிக்கு வந்து சேர்ந்தான்.

"வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் போட்டுட்டாக," என்றான். அவன் மச்சானுக்கு ஷார்ஜாவில் செல்போன் கடை. "வேணாம்னு சொல்றதுக்கு எனக்கு ஒரு காரணம் வேணும், சுபா. கொச்சிக்காரக கூப்பிட்டா அது காரணம். இல்லைன்னா அங்கன போயி செல்லுக்குக் கவர் மாட்டிக்கிட்டு இருப்பேன்."

சுபாஸ்ரீ தூக்குவாளியைத் திறந்து பார்த்தாள்.

'செங்குளவி' மூன்று பேர் கொண்ட ராக் குழு. பாடுவது சுபாஸ்ரீ. கிதார் ஜாஸ்பர், அல்லிநகரத்தில் அவன் அப்பாவுக்குப் பெயிண்ட் கடை, பகலில் அங்கே கலர் கலக்குவான். டிரம்ஸ் நௌஷாத். அவன் போய்விட்டால் மிஞ்சுவது இரண்டு பேர். அதைக் குழு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

கொச்சியில் ஒரு ராக் விழா நடக்கிறது. அதில் பாட வேண்டுமானால் ஒரு வீடியோ அனுப்ப வேண்டும். முழுப் பாட்டு இருக்க வேண்டும். வெட்டி ஒட்டக் கூடாது. கேட்கிறவர்கள் கூடவே பாட வேண்டும். இன்று சாயங்காலம் கடைசி.

பாட்டு இருந்தது. கூடப் பாடத்தான் ஆள் இல்லை.

இதுவரை குழு ஏறிய மேடைகளை நௌஷாத் விரல் விட்டு எண்ணுவான். அதற்கு ஒரு கை விரலே அதிகம். தேனியில் ஒரு கல்லூரி விழாவில் இரண்டாவது பாட்டுக்கு ஃபியூஸ் போனது. விழா நடத்தியவர்களே பிடுங்கினார்கள் என்று ஜாஸ்பருக்கு இன்றும் சந்தேகம். கம்பத்தில் ஒரு செல்போன் கடைத் திறப்பு விழாவில், "குத்துவிளக்கு அணையுது, கொஞ்சம் மெதுவா" என்று முதலாளி வந்து கும்பிட்டார். பாடல்கள் எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் ஜாஸ்பரின் சித்தி பிள்ளைகள்.

சுபாஸ்ரீக்கு இந்த வியாதி மதுரைக் கல்லூரி விடுதியில் தொற்றியது. பக்கத்துக் கட்டில்காரி ஒருநாள் அவள் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டாள். எவனோ பனி நாட்டுக்காரன். பாஷை விளங்கவில்லை. அடிவயிற்றிலிருந்து கத்தினான். அவளுக்குச் சின்னமனூர் மார்க்கெட்டில் வாழைத்தார் ஏலம் விடுகிறவரின் ஞாபகம் வந்தது. இரண்டு பேருக்கும் அதே அவசரம், அதே கழுத்து நரம்பு. அன்றோடு மெதுவான பாட்டு எதுவும் அவளுக்கு ஆகாமல் போனது, பின்னால் தானே எழுதிய ஒன்றைத் தவிர.

அவள் அப்பா மலைச்சாமிக்குச் சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம். மகள் பாட்டை அவர் காது கொடுத்துக் கேட்டதில்லை. போன அறுவடை நேரத்தில் திடீரென்று, "ஆத்தா, ஒம் பாட்டெல்லாம் ஒரு பென் டிரைவ்ல போட்டுக் குடு," என்றார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. எது முதலில், எது கடைசியில் என்று யோசித்து யோசித்து அடுக்கிக் கொடுத்தாள். மறுநாள் தோட்டத்துப் பக்கமிருந்து தன் குரல் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தாள். மோட்டார் ரூம் கூரைமேல் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தது. கீழே அப்பா நின்றார். மேலே ஒரு கிளிக்கூட்டம் மேகமலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

"தகரம் தட்டுனேன், வெடி போட்டேன், ஒண்ணுக்கும் அசையல. நீ வாயத் தொறந்த, போயிருச்சு," என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

அடுத்த வாரம் 'மின்தடை' என்ற பாட்டு பாதிதான் கேட்டது. சுபாஸ்ரீ விசாரித்தாள்.

"மொதல்ல மெதுவா ஒரு எடம் வருதுல்ல? அந்த நேரம் பாத்து வந்து உக்காந்துருதுக. கம்பத்துல செல் கடைக்காரன்ட்டக் குடுத்து அத மட்டும் எடுத்துட்டேன்."

அவள் எழுதியதில் அவளுக்குப் பிடித்தது அந்த இடம் ஒன்றுதான். அப்பாவோடு ஒரு வாரம் பேசவில்லை. ஸ்பீக்கர் சத்தத்தில் அது அவருக்குத் தெரியவே இல்லை.

இன்றைக்குத் தோட்டத்தில் குலை வெட்டு. மேற்குப் பக்கம் முடிந்துவிட்டது. கிழக்கு இன்னும் தொடவில்லை. பந்தலுக்கடியில் பெண்கள் கத்தரியோடு வரிசையில் நின்றார்கள். சேலைக்கு மேல் புருசன்மார் பழைய சட்டை. மோட்டார் ரூம் நிழலில் மூன்று பேரும் பிரியாணியைச் சுற்றி உட்கார்ந்து, கூடப் பாட யாரைப் பிடிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். கூரையில் 'மின்தடை' ஓடியது. கத்தல் வந்தது.

"எரி!"

பந்தலுக்கடியிலிருந்தும் வந்தது. பத்துப் பன்னிரண்டு குரல், ஒரே நேரத்தில், இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து. கத்தரிச் சத்தம் நிற்கவில்லை.

ஜாஸ்பர் வாய்க்குக் கொண்டுபோன கையைக் கீழே இறக்கினான்.

சுபாஸ்ரீ பந்தலுக்குள் குனிந்து போனாள். முன்வரிசையில் நின்றவள் முத்துமாரியம்மாள், வெட்டுக்கு ஆள் கூட்டிவருகிறவள்.

"அக்கா, இந்தப் பாட்டு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா? தூக்கத்துல வருது, பாப்பா. நேத்து எங்க வீட்டுக்காரரு கொழம்புல உப்பு இல்லன்னாரு. எரின்னு ஒரு சத்தம் குடுத்தேன். மனுசன் தட்டோட வாசலுக்குப் போயிட்டாரு."

"எனக்கு அஞ்சாவது பாட்டுத்தான் பிடிக்கும்," என்று பின்வரிசையிலிருந்து சங்கிலியம்மாள் சொன்னாள். "அதுலதான் வயித்துல இருந்து வரும்."

சுபாஸ்ரீ விஷயத்தைச் சொன்னாள்.

"வீடியோவா? அப்ப வீட்டுக்குப் போயி சேலைய மாத்திட்டு வாறோம்."

"இப்பிடியே நல்லாத்தான்க்கா இருக்கு."

"ஒனக்கு நல்லா இருக்கும். பாக்குறவுக எங்களையில்ல சொல்லுவாக?"

கடைசியில், சட்டையை மட்டும் கழற்றுவது என்று முடிவானது. அடுத்து அப்பா.

"முழுப் பாட்டும் பாடணும்ப்பா. மெதுவா வர்ற எடமும் சேத்து. அது வரைக்கும் ஸ்பீக்கர் ஓடக் கூடாது."

மலைச்சாமி கிழக்கே பார்த்தார். "அங்கன இன்னும் வெட்டவே இல்லையே, ஆத்தா. கொத்துன கொலைய வியாபாரி திரும்பிக்கூடப் பாக்க மாட்டாக."

"ஒரே தடவதான்ப்பா."

"நௌஷாத்துத் தம்பி போயிட்டா ஒம் பாட்டு நின்னு போகுமா?"

"நின்னு போகும்."

அவர் கூரைமேல் இருந்த ஸ்பீக்கரைப் பார்த்தார். "இப்பவே நாலாவது பாட்டு கிளிக்குப் பழகிப்போச்சு. ரெண்டு பச்சைக்கிளி ஸ்பீக்கர் மேலயே உக்காந்துருக்கு. புதுசு இல்லைன்னா அடுத்த வெள்ளாமைக்கு என்ன பண்றது?" என்றார். "சரி, பாடு."

கிழக்கு ஓரத்தில் டிரம்ஸைப் பரப்பினார்கள். பழப்பெட்டிகளை அடுக்கி அதன்மேல் செல்போனை நிறுத்தினார்கள். பெண்கள் சட்டைகளைக் கம்பியில் தொங்கவிட்டு, முடியைத் தடவிக்கொண்டு வந்து நின்றார்கள். ஸ்பீக்கர் நின்றது. தோட்டம் எவ்வளவு பெரிது என்று அப்போதுதான் தெரிந்தது.

ஜாஸ்பர் மெல்ல மீட்டினான். சுபாஸ்ரீ பாடினாள்.

*வெளக்குப் போன வீட்டுக்குள்ள*
*ஒன் குரல எங்க வச்சேன்…*

"இது எந்தப் பாட்டுடி?" என்று சங்கிலியம்மாள் கேட்டாள். பக்கத்தில் நின்றவள் அவள் தொடையில் கிள்ளினாள்.

முதலில் ஒரு கிளி பந்தலில் இறங்கியது. அது தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு ஏழெட்டு. பிறகு எண்ண முடியவில்லை. குலைகள் அசைந்தன.

டம் டம் டம் என்று தகரம் அதிர்ந்தது. கிளிகள் எழும்பின. பாட்டு நின்றது.

"அப்பா."

"கை தானாப் போயிருச்சு, ஆத்தா."

"பிள்ள பாடுறப்ப தகரத்தத் தட்டுறீகளேண்ணே," என்றாள் முத்துமாரியம்மாள். "சொந்த மகளுக்கே இப்பிடின்னா, மருமகன் வந்து பாடுனா கல்ல விட்டு எறிவீக போலருக்கு."

"ஒம் பழமா இருந்தா தெரியும் ஒனக்கு."

ஜாஸ்பர் சுபாஸ்ரீயின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "அந்த எடத்த விட்டுட்டு நேராக் கத்தல்ல ஆரம்பிப்போமா? அக்காமாருக்கும் அதுதான் தெரியும். அப்பாவும் நிம்மதியா இருப்பாக."

"அத எடுத்துட்டா மிச்சம் இருக்கிறது கிளி வெரட்டுறது மட்டுந்தான், ஜாஸ்பர்."

அவள் குரலைத் தாழ்த்தவில்லை. மலைச்சாமி தகரத்தை எடுத்துக்கொண்டு போய் மோட்டார் ரூமுக்குள் போட்டுவிட்டு வந்தார். வரப்பில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

"இப்பப் பாடு."

இந்தத் தடவை கிளிகள் யோசிக்கவில்லை. முதல் வரிக்கே வந்துவிட்டன. மைனாக்களும் கூட வந்தன. சுபாஸ்ரீ அப்பாவைப் பார்க்காமல் பாடினாள். பார்த்தால் வேகமாகப் பாடி முடித்துவிடுவோம் என்று பயந்தாள். அவளுக்குப் பின்னால் பந்தல் முழுக்கப் பச்சையாக நெளிந்தது. கடைசி வரியை எவ்வளவு இழுக்க வேண்டுமோ அவ்வளவும் இழுத்தாள். வரப்பில் மலைச்சாமி கண்ணை மூடியிருந்தார். பாட்டை ரசிக்கிறார் என்று தூரத்திலிருந்து பார்க்கிற யாரும் சொல்வார்கள்.

நௌஷாத் கட்டையை ஓங்கினான்.

"எரி!"

பன்னிரண்டு பெண்கள் கையை உயர்த்திக் கத்தினார்கள். மொத்தக் கூட்டமும் ஒரே வீச்சில் பந்தலை விட்டுக் கிளம்பி அவர்கள் தலைக்கு மேல் போனது. செல்போன் திரையில் ஒரு நொடி வானமே தெரியவில்லை.

வீடியோ கொச்சிக்குப் போனது. நௌஷாத் மிச்சப் பிரியாணியைப் பெண்களுக்குக் கொடுத்தான். மலைச்சாமி ஒரு அன்னக்கூடையை எடுத்துக்கொண்டு கொத்துப்பட்ட குலைகளை அறுத்துப் போட்டுக்கொண்டே வந்தார். சுபாஸ்ரீ பின்னாலேயே போனாள்.

"நெறையவாப்பா?"

"பொறுமையா, ரசிச்சுத் தின்னுருக்குக."

செல்போன் அடித்தது. விழா நடத்துகிற ஷீபா.

"மோளே, கலக்கிட்டே," என்றாள் மலையாளம் கலந்த தமிழில். "பக்ஷே ஒரு சந்தேகம். அந்தக் கிளி ஒரிஜினலா? இங்க எல்லாரும் கிராபிக்ஸ்னு சொல்றாங்க. வெட்டி ஒட்டினது எடுக்க மாட்டோம், ரூல் அது."

"ஒரிஜினல்தான் மேடம். எங்க தோட்டத்துக் கிளி."

"சரி, அப்போ வீடியோ கால் பண்றேன், இப்போவே. எங்க முன்னால முழுசாப் பாடு. கிளி வந்து உக்காந்து பறந்தா நீங்க உள்ளே. ஓகே?"

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நௌஷாத் துடைத்த டிரம்ஸ் கட்டையையே மறுபடி துடைத்தான்.

அன்னக்கூடை நிறைந்துவிட்டது. மலைச்சாமி அதை இடுப்பிலிருந்து இறக்கினார்.

"யாரு?"

"கொச்சி."

"என்னவாம்?"

"திரும்பப் பாடச் சொல்றாக."

"ஏன், நல்லா இல்லையாமா?"

"நல்லா இருக்காம். கிளியத்தான் நம்ப மாட்டேங்கிறாக."

மலைச்சாமி மின்கம்பியைப் பார்த்தார். கம்பி நெடுகக் கிளிகள் உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூட மலைக்குப் போகவில்லை. பிறகு கிழக்குப் பந்தலைப் பார்த்தார். பிறகு நௌஷாத்தை.

மோட்டார் ரூமுக்கு நடந்தார். ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டினார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

முத்துமாரியம்மாள் மறுபடி சட்டையைக் கழற்றினாள். மற்றவர்களும் கழற்றினார்கள். கொச்சியிலிருந்து அழைப்பு வந்தது. திரையில் நாலைந்து முகங்கள் நெருக்கியடித்துக்கொண்டு தெரிந்தன. ஜாஸ்பர் மெல்ல மீட்ட ஆரம்பித்தான். சுபாஸ்ரீ மூச்சை இழுத்தாள்.

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"ஏத்தா, அந்த மெதுவா வர்ற எடத்த மட்டும் இந்தத் தடவ கொஞ்சம் சுருக்கிக்கிருவியா?"